ஏலக்காட்டு ஷெட்டுக்கு 12 வோல்ட் லைன்: மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை கணக்குப் போடும் வரிசை

இடுக்கி மலையில் கம்பம்மெட்டு, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலக்காட்டுக்குள் இருக்கிற காவல் ஷெட்டுகள் பலவற்றில் ஒரு சோலார் பேனல், ஒரு 12 வோல்ட் பேட்டரி, இரண்டு மூன்று எல்.இ.டி. பல்புகள், அவ்வளவுதான் வயரிங். வேலை சின்னதுதான். ஆனால் ஷெட்டுக்குள் பளிச்சென்று எரிந்த பல்பு, கேட் பக்கம் கொண்டுபோய் மாட்டியதும் மங்கிவிடும். உடனே பல்பை மாற்றுவார்கள், அப்புறம் பேட்டரியை மாற்றுவார்கள். கோளாறு இருப்பதோ வயரில். கடைக்குப் போகுமுன் காகிதத்தில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பத்தாம் வகுப்பில் ஓம் விதி படித்து மறந்தவர்களும், ஐ.டி.ஐ.யில் புதிதாகச் சேர்ந்தவர்களும் தடுமாறுவது சூத்திரத்தில் இல்லை. மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். எந்த எண்ணை எந்த எண்ணோடு பெருக்குவது என்பதில்தான் கணக்கு கவிழ்கிறது. அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் மேசை மேல் மூன்று மின்தடைகளை வைத்துப் பழகிவிட்டு, அதே வரிசையில் நிஜமான லைனுக்குப் போகலாம்.

சொல்வதெல்லாம் 12 வோல்ட் டி.சி.க்கு (பேட்டரி தருகிற, ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கு) மட்டுமே. வீட்டு 230 வோல்ட் லைனைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது.

1. உட்காருமுன் எடுத்து வைக்க வேண்டியவை

12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர் அவர்) பேட்டரி ஒன்று. டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. பியூஸ் ஹோல்டரும் 3 ஆம்பியர் பியூஸும். இரு முனையிலும் கிளிப் வைத்த சின்ன வயர்கள் நான்கைந்து. கால் வாட் மின்தடைகள் மூன்று: 1 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு), 2.2 கிலோ ஓம் (சிவப்பு, சிவப்பு, சிவப்பு), 3.3 கிலோ ஓம் (ஆரஞ்சு, ஆரஞ்சு, சிவப்பு). கடையில் ரெசிஸ்டர் என்று கேளுங்கள். நான்காவது பட்டை தங்க நிறமாக இருந்தால் மதிப்பு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அர்த்தம்.

கிலோ ஓமில் வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 100 ஓம் மின்தடையை 12 வோல்ட்டில் நேராக மாட்டினால் 0.12 ஆம்பியர் ஓடும், 12 × 0.12 = 1.44 வாட் சூடு பிறக்கும். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது; கருகிப் புகையும், தொட்டால் விரல் சுடும். 1 கிலோ ஓம் என்றால் 0.144 வாட்தான்.

பியூஸ் இல்லாமல் பேட்டரியைத் தொடாதீர்கள். கைக்கு அடக்கமான பேட்டரி என்று அலட்சியம் வேண்டாம்; பிளஸ்ஸும் மைனஸும் நேராக ஒட்டிக்கொண்டால் 7 ஏ.எச். பேட்டரி 100 ஆம்பியருக்கு மேல் தள்ளும், வயரின் தோல் உருகி வழியும். பியூஸ் ஹோல்டர் பிளஸ் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள வயருக்குக் காவல் கிடையாது.

2. படம் வரைந்து, எண் போடுதல்

மின்தடை 1, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்புகிறது. அதன் மறுமுனையில் மின்தடை 2-ம் 3-ம் சேர்ந்து தொடங்குகின்றன. அவற்றின் மறுமுனைகள் இரண்டும் பேட்டரியின் மைனஸுக்குப் போகின்றன. இதை வரைந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதுங்கள்.

தொடர் இணைப்பா, பக்க இணைப்பா என்பதை மேசையில் கிடக்கும் தோற்றத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவை தொடராக இருக்கலாம். அறையின் இரு மூலையில் எரியும் பல்புகள் பக்க இணைப்பாக இருக்கலாம். சந்திப்புகளைப் பாருங்கள். இரண்டு பொருள்கள் ஒரு முனையில் மட்டும் சேர்ந்து, அந்த இடத்தில் மூன்றாவது வயர் எதுவும் கிளம்பாவிட்டால் தொடர். இரண்டு முனைகளும் பொதுவாக இருந்தால் பக்க இணைப்பு. நம் படத்தில் 2-ம் 3-ம் பக்க இணைப்பு. 1-ஐ 2-உடன் தொடர் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தச் சந்திப்பில் 3-ம் ஒட்டியிருக்கிறது. 1 தொடராக இருப்பது அந்த ஜோடியுடன்.

3. அட்டவணை: ஒரே வரியில் உள்ளவற்றை மட்டும் சேர்க்க வேண்டும்

புதியவர்கள் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி இங்கேதான். பேட்டரி 12.6 வோல்ட், மின்தடை 2.2 கிலோ ஓம், ஆகவே மின்னோட்டம் 12.6 ÷ 2.2 என்று போட்டுவிடுவார்கள். வகுத்தது சரி, விடை தவறு. அந்த 12.6 வோல்ட் முழுச் சுற்றுக்கும் உரியது, 2.2 கிலோ ஓம் ஒரு பகுதிக்கு மட்டும் உரியது.

இதைத் தடுக்கக் காகிதத்தில் ஒரு அட்டவணை போடுங்கள். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என மூன்று பத்தி. மின்தடை 1, மின்தடை 2, மின்தடை 3, மொத்தம் என நான்கு வரி. ஓம் விதியை ஒரு வரிக்குள் குறுக்கே மட்டும்தான் போட வேண்டும். வரி தாண்டினால் தப்பு. ஒரு வரியில் இரண்டு கட்டம் நிரம்பியதும் மூன்றாவது தானே வந்துவிடும்.

தெரிந்தவற்றை முதலில் நிரப்புங்கள்: மூன்று மின்தடைகள், மொத்த வரியில் பேட்டரியின் மின்னழுத்தம். லேபிளில் 12 என்று இருந்தாலும் மீட்டரில் அளந்ததையே எழுதுங்கள். நன்றாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6-லிருந்து 12.8 வரை காட்டும். இங்கே 12.6 என்று வைத்துக்கொள்வோம்.

4. பேட்டரிக்குத் தூரமான முனையிலிருந்து சுருக்குதல்

பேட்டரிக்கு மிகத் தள்ளி இருக்கும் ஜோடியை முதலில் ஒன்றாக்க வேண்டும். கிட்டே இருப்பதிலிருந்து தொடங்கினால் அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில் இருந்தால் பெருக்கற்பலனைக் கூட்டுத்தொகையால் வகுக்கலாம்: (2.2 × 3.3) ÷ (2.2 + 3.3) = 7.26 ÷ 5.5 = 1.32 கிலோ ஓம். இதோடு 1 கிலோ ஓமைக் கூட்டினால் மொத்தம் 2.32 கிலோ ஓம்.

தலைகீழ் முறையில் போடுபவர்கள் கடைசியில் திருப்பிப் போட மறந்துவிடுவார்கள். 1/2.2 + 1/3.3 = 0.758 என்று வரும். அதையே விடையாக எழுதிவிடுவார்கள். ‘பக்க இணைப்பின் விடை சிறிய மின்தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்’ என்று பாடத்தில் சொல்லும் சோதனை இந்தப் பிழையைப் பிடிக்காது, ஏனென்றால் 0.758-ம் 2.2-ஐவிடக் குறைவுதான். கீழ் எல்லையையும் பாருங்கள். இரண்டு மட்டும் இருக்கும்போது விடை சிறியதன் பாதிக்குக் கீழே போகவே போகாது. இங்கே 1.1-க்கும் 2.2-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 1.32 தேறியது, 0.758 தேறவில்லை.

5. மொத்தத்திலிருந்து திரும்பி வருதல்

மொத்த வரியில் இப்போது இரண்டு கட்டம் நிரம்பிவிட்டது. 12.6 ÷ 2.32 = 5.43. வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் விடை மில்லி ஆம்பியரில் வரும்; ஆயிரத்தால் பெருக்கி வகுத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த 5.43 மில்லி ஆம்பியர் முழுவதும் மின்தடை 1 வழியாகத்தான் போயாக வேண்டும், வேறு வழி இல்லை. ஆகவே அதன் மின்னழுத்தம் 5.43 × 1 = 5.43 வோல்ட். மிச்சம் 12.6 − 5.43 = 7.17 வோல்ட். 2-ம் 3-ம் இரண்டு முனையும் பொதுவானவை, அதனால் இரண்டிலும் இதே 7.17 வோல்ட்தான், ஆளுக்குப் பாதியாகப் பங்கு போடக் கூடாது. மின்னோட்டம்தான் பிரியும்: 7.17 ÷ 2.2 = 3.26 மில்லி ஆம்பியர், 7.17 ÷ 3.3 = 2.17 மில்லி ஆம்பியர்.

| | மின்னழுத்தம் (வோல்ட்) | மின்னோட்டம் (மில்லி ஆம்பியர்) | மின்தடை (கிலோ ஓம்) |
|---|---|---|---|
| மின்தடை 1 | 5.43 | 5.43 | 1 |
| மின்தடை 2 | 7.17 | 3.26 | 2.2 |
| மின்தடை 3 | 7.17 | 2.17 | 3.3 |
| மொத்தம் | 12.6 | 5.43 | 2.32 |

சரிபார்க்க இரண்டு கூட்டல். பிரிந்த மின்னோட்டங்கள் சேர்ந்து 3.26 + 2.17 = 5.43. ஒரு வழியே நடந்தால் மின்னழுத்தங்கள் சேர்ந்து 5.43 + 7.17 = 12.6. மூன்று மின்னழுத்தங்களையும் சேர்த்துக் கூட்டி ‘ஐயோ, தப்பு’ என்று பதறுபவர்கள் உண்டு. பிளஸ்ஸிலிருந்து மைனஸ் வரை ஒரே ஒரு பாதையைத்தான் கூட்ட வேண்டும்.

6. மீட்டரில் அளக்கும் வரிசை: மின்தடை, மின்னழுத்தம், கடைசியில் மின்னோட்டம்

மின்தடையை அளக்கும்போது பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும். ஓம் அளவில் மீட்டர் தன் சொந்த மின்சாரத்தை அனுப்பித்தான் அளக்கிறது. வெளி மின்சாரம் நுழைந்தால் அளவு பொய்யாகும், மீட்டரும் கெடலாம். ரெசிஸ்டரின் ஒரு பக்கக் கம்பியையாவது சுற்றிலிருந்து விடுவியுங்கள். 3-ஐக் கழற்றாமல் 2-ஐ அளந்தால் 2.2 வராது, 1.32 வரும், ரெசிஸ்டர் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிவீர்கள்.

மின்னழுத்தத்துக்கு டி.சி. 20 வோல்ட் அளவு. கறுப்புக் கம்பி காமன் துளையில், சிவப்பு வோல்ட் துளையில். எதையும் கழற்றாமல் பொருளின் இரு முனையிலும் தொட்டால் போதும். கணக்கில் 5.43 வந்த இடத்தில் மீட்டர் 5.3-ஓ 5.6-ஓ காட்டினால் கவலைப்படாதீர்கள், அது தங்கப் பட்டையின் 5 சதவீதம். 2 வோல்ட் வித்தியாசம் வந்தால் இணைப்பையும் நிறப்பட்டையையும் பாருங்கள்.

மின்னோட்டம் அளக்கத்தான் சுற்றை வெட்டி மீட்டரை நடுவில் செருக வேண்டும். மீட்டர்கள் சாவது இந்த இடத்தில். ஆம்பியர் அளவில் இருக்கும் மீட்டரின் உள்தடை மிகக் குறைவு. அதைப் பேட்டரியின் இரு முனையில் வைத்தால் வெறும் வயரை வைத்தது போலத்தான். மில்லி ஆம்பியர் துளையில் உள்ளே இருக்கும் பியூஸ் போகும். மலிவான மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பியூஸே இருப்பதில்லை. மின்னோட்டம் அளந்து முடித்த கையோடு சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். அடுத்து எடுப்பவர் வோல்ட் பார்க்கத்தான் எடுப்பார்.

எங்கள் பரிந்துரை: முடிந்தவரை மின்னோட்டத்தை அளக்கவே வேண்டாம். 1 கிலோ ஓமின் மேல் 5.43 வோல்ட் இருக்கிறது என்றால் அதில் 5.43 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அட்டவணையின் அந்த வரியே சொல்லிவிடுகிறது, சுற்றை வெட்டவும் தேவையில்லை.

7. இப்போது நிஜ லைன்: வயரும் ஒரு மின்தடை

ஷெட்டிலிருந்து கேட்டுக்கு 9 வாட் பல்பு இரண்டு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 18 ÷ 12 = 1.5 ஆம்பியர்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கயிறு கட்டி, வயர் போகும் வழியிலேயே அளங்கள். 20 மீட்டர் என்று தோன்றியது, சரிவு, மரத்தைச் சுற்றுவது, கம்பத்தில் ஏறி இறங்குவது எல்லாம் சேர்ந்து 30 ஆகிவிடும். அந்த 30-ஐ இரண்டால் பெருக்குங்கள். மின்னோட்டம் போனால் திரும்பி வர வேண்டும். மைனஸ் வயரும் செம்புதான், அதற்கும் தடை உண்டு. இந்த இரட்டிப்பை விடுவது லைன் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை. ஆகக் கணக்குக்கு 60 மீட்டர்.

பல இழைச் செம்பு வயருக்கு 20 டிகிரியில் கீழே உள்ள மதிப்புகளை வைத்துக்கொள்ளலாம். வயர் சுருளோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே எடுங்கள்.

| வயர் (சதுர மி.மீ.) | 1 மீட்டருக்கு ஓம் | 60 மீட்டருக்கு ஓம் | 1.5 ஆம்பியரில் இழப்பு (வோல்ட்) |
|---|---|---|---|
| 1 | 0.0195 | 1.17 | 1.76 |
| 1.5 | 0.0133 | 0.80 | 1.20 |
| 2.5 | 0.0080 | 0.48 | 0.72 |
| 4 | 0.0050 | 0.30 | 0.45 |

“ஒரு ஸ்கொயர் தாராளம்ணே” என்பார் கடைக்காரர், 1 சதுர மி.மீ. வயரைச் சொல்கிறார். சூடாகாமல் தாங்குமா என்று கேட்டிருந்தால் அது சரியான பதில், 1.5 ஆம்பியர் அந்த வயருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 1.76 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது, பல்புக்கு 10.24 வோல்ட்தான் சேருகிறது. 12 வோல்ட் லைனில் இழப்பு 5 சதவீதத்துக்குள், அதாவது 0.6 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். அப்படிப் பார்த்தால் 4 சதுர மி.மீ. வயர்தான் தேறுகிறது.

இன்னொரு விஷயம். உள்ளே டிரைவர் (வாட்டை நிலையாக வைக்கும் சின்ன மின்சுற்று) வைத்த எல்.இ.டி. பல்பு, வோல்ட் குறைந்தால் தன் வாட்டைக் காப்பாற்றிக்கொள்ள அதிக மின்னோட்டம் இழுக்கும். அதிக மின்னோட்டம், அதிக இழப்பு, இன்னும் குறைந்த வோல்ட். 1 சதுர மி.மீ. வயரில் இந்த இழுபறி நிற்கும்போது பல்பில் 9.87 வோல்ட்டும் லைனில் 1.82 ஆம்பியரும் இருக்கும். அந்த வயர் வழியாகப் பல்புகளுக்குக் கிடைக்கக் கூடிய அதிகபட்சம் எவ்வளவு என்றும் போட்டுப் பார்க்கலாம். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, வயர் தடையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும்: 12 × 12 ÷ (4 × 1.17) = சுமார் 31 வாட். அதே லைனில் நான்கு பல்பு மாட்டி 36 வாட் கேட்டால் ஒருநாளும் கிடைக்காது. பல்புகள் மின்னி மின்னி அணையும். பேட்டரியில் குற்றமில்லை.

வெயிலும் கணக்கில் சேரும். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். மலை மேல் 20 டிகிரியில் போட்ட கணக்கு, கீழே கம்பம் ஊர்ப் பக்கம் வயர் 40 டிகிரிக்குச் சூடேறும்போது 8 சதவீதம் கூடிவிடும்.

4 சதுர மி.மீ. வயர் 60 மீட்டர் வாங்குமுன் வேறு இரண்டு வழிகளைப் பாருங்கள். முதலாவது, சுமையைக் குறைப்பது. கேட்டில் ஆள் முகம் தெரிய 5 வாட் பல்பு ஒன்று போதுமென்றால் 0.42 ஆம்பியர்தான், அதே 1 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.49 வோல்ட், எல்லைக்குள் வந்துவிடும். இரண்டாவது, பேட்டரி இரண்டைத் தொடராக்கி 24 வோல்ட் லைன் போட்டு 24 வோல்ட் பல்புகளை மாட்டுவது. 18 வாட்டுக்கு 0.75 ஆம்பியர், இழப்பு 0.88 வோல்ட், 24-இல் அது 3.7 சதவீதம்தான். ஆனால் சார்ஜ் கன்ட்ரோலரும் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பேனலும் 24 வோல்ட்டுக்கு ஒத்துவர வேண்டும். ஒரு பல்புக்காக அந்த மாற்றம் வீண் செலவு.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் தடை செம்பைப் போல 1.6 மடங்கு, மேலே உள்ள அட்டவணை அதற்குப் பொருந்தாது.

8. தனி எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் தேர்ந்தெடுத்தல்

எல்.இ.டி.க்கு இவ்வளவு ஓம் என்று ஒரு நிலையான எண் இல்லை, அதனால் அதை ஓம் விதியில் போடாதீர்கள். அது எடுத்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ரெசிஸ்டருக்குக் கணக்குப் போடுங்கள். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3.2 வோல்ட், மூன்று தொடராக என்றால் 9.6. எல்லை 20 மில்லி ஆம்பியர்.

12.6-இல் போட்டால் மிச்சம் 3 வோல்ட், 3 ÷ 0.02 = 150 ஓம். ரெசிஸ்டர் வாங்கி மாட்டினால் நன்றாகவே எரியும், சில மாதத்தில் ஒவ்வொன்றாகப் போகும். காரணம், பகலில் பேனல் சார்ஜ் செய்யும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை ஏறுகிறது. அப்போது மிச்சம் 4.8 வோல்ட், 150 ஓமில் 32 மில்லி ஆம்பியர். ஆகவே உச்ச வோல்ட்டில் கணக்குப் போடுங்கள்: 4.8 ÷ 0.02 = 240, கடையில் அடுத்துக் கிடைப்பது 270 ஓம். உச்சத்தில் 17.8, இரவில் 11 மில்லி ஆம்பியர். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் உழைக்கும்.

9. லைன் போட்ட பிறகு இணைப்புகளைச் சோதித்தல்

ஜூன் முதல் மழை பிடித்தால் இந்த மலையில் எதுவும் காய்வதில்லை. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் ஏறிச் செம்பில் பச்சைக் களிம்பு படியும். ஓர் இணைப்பில் வெறும் 0.5 ஓம் கூடினால் 1.5 ஆம்பியரில் 0.75 வோல்ட் அங்கேயே போகும். ஒரு வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரு புள்ளியில் பிறக்கும்.

இதை ஓம் அளவில் தேடாதீர்கள். சாதாரண மீட்டருக்கு 0.5 ஓமும் தன் கம்பியின் தடையும் வித்தியாசம் தெரியாது. பல்பை எரியவிட்டு, டி.சி. வோல்ட்டில், இணைப்பின் இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி வைத்துத் தொடுங்கள். பல்பு அணைந்திருந்தால் மின்னோட்டம் இல்லை, எந்த இணைப்பும் பூஜ்யம்தான் காட்டும். எரியும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் இணைப்பை வெட்டி, சுரண்டி, ஸ்குரூ கன்னெக்டரில் போட்டு இறுக்குங்கள்.

பேட்டரி முனை, பியூஸ் ஹோல்டர், சுவிட்ச், பல்பு ஹோல்டர் என்று இதே போலத் தொட்டுக்கொண்டே போங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பல்பு மங்கினால், பல்பை அணைத்தும் எரியவிட்டும் பேட்டரி முனையிலேயே வோல்ட் பாருங்கள். 12.6-லிருந்து 12.4-க்கு இறங்கினால் பேட்டரியின் உள்தடை 0.2 ÷ 1.5 = 0.13 ஓம், பேட்டரி இன்னும் உழைக்கும். 1.5 ஆம்பியர் எடுத்ததற்கே 11.4-க்கு விழுந்தால் உள்தடை 0.8 ஓம், அதற்கு மேல் வயரில் தேட ஒன்றுமில்லை, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.